வலிக்காத நோய், பேசாத வீடு

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில், சிறுநீரக நோயாளி ஒருவரைப் பராமரித்துவரும் அவரது மனைவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்குச் செல்லும் ஒருவரின் மனைவி. மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். என்னைப் பேச அழைத்தபோது, "நான் என்ன பேசுவது?" என்று கேட்டேன். "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். என் கணவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவர் இப்போது வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அலமாரியில் கிடந்த கடிதம்

என் கணவருக்கு 2004ஆம் ஆண்டில் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 36. கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராக வேலை. நல்ல உடற்கட்டு. இரவு வேலை முடித்துவிட்டு வந்து பகலில் வீட்டுக்குச் சாயம் பூசுவார், அப்படிப்பட்ட மனிதர். பலதுறை மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். நினைவு இருந்தால் சாப்பிடுவார். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு மாத்திரை?" என்பார். நானும் அதை நம்பினேன். தலைவலி என்றால் கவலைப்படுவோம், காய்ச்சல் என்றால் பதறுவோம். ஒன்றுமே செய்யாத நோய்க்கு யார் பயப்படுகிறார்கள்?

2016ஆம் ஆண்டு தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அவருடைய சட்டைகளுக்கு அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதி. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருப்பது தெரிகிறது, சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. செயல்பாட்டின் அளவு 38 என்று குறித்திருந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்று அன்று எனக்குத் தெரியாது.

"என்னங்க இது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளைக்கு 'ஓ' நிலைத் தேர்வு இருந்தது. உனக்குச் சொன்னால் நீ அழுவாய். வேலையிடத்துக்குத் தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். வலித்தால் போகலாம் என்று இருந்தேன்."

வலிக்கவே இல்லை, நேயர்களே. 2017 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு கால்களும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அந்த வாரமே ரத்தச் சுத்திகரிப்பு தொடங்கிவிட்டது.

நான் இன்று சொல்ல வந்த முதல் செய்தி இதுதான். சிறுநீரகம் வலித்து எச்சரிக்கிற உறுப்பு அல்ல.

சோதனை மட்டுமே சொல்லும்

நம் கைமுட்டி அளவுள்ள இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ரத்தத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் இந்த வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. பாதி போனாலும் மீதி பாதி சேர்த்து வேலை செய்துவிடும். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. கால் வீக்கம், அரிப்பு, குமட்டல், மூச்சுத் திணறல் எல்லாம் வருவதற்குள் பெரும்பகுதி போயிருக்கும்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவுதான் காரணம். நம் சமூகத்துக்கு இது மற்றவர் பிரச்சினை அல்ல. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. நம் எண்ணிக்கை சிறியது, ஆனால் நம் பங்கு பெரியது. சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது, அந்தப் போர் முதலில் நம் சமையலறையில்தான் நடக்க வேண்டும் என்று நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. இரண்டே சோதனைகள். ஒன்று, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவது. இரண்டு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த இரண்டையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "டாக்டர், என் கிட்னி எண் எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த எண் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. என் கணவரின் கடிதத்தில் இருந்த 38 என்ற எண், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்ன எண். அதைத்தான் சட்டைக்கு அடியில் மடித்து வைத்துவிட்டோம்.

முன்னதாகத் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் நெடுங்காலமாக உண்டு. நீரிழிவுக்காக வந்த எஸ்ஜிஎல்டி-2 வகை மருந்துகள் சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கின்றன என்று 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. எல்லாருக்கும் அவை பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். இன்னது கலந்தது என்று எழுதாத சூரணத்தையும் பொடியையும், "ஊரில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்" என்பதற்காக வாயில் போடாதீர்கள்.

திங்கள், புதன், வெள்ளி

ரத்தச் சுத்திகரிப்பு என்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வட்டாரத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிலையம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்குப் போவார். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், மற்றொன்றின் வழியே சுத்தமாகித் திரும்பும். நான்கு மணி நேரம். தீபாவளி திங்கட்கிழமை வந்தாலும் போக வேண்டும், தைப்பூசம் வெள்ளிக்கிழமை வந்தாலும் போக வேண்டும். மலேசியாவில் தங்கை மகள் கல்யாணம் என்றால், அங்கே எந்த நிலையத்தில் இடம் கிடைக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்துவிடும். பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடலாம்.

வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் சுத்திகரிப்பு முறையும் உண்டு. இரவில் தூங்கும்போதே இயந்திரம் அந்த வேலையைச் செய்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. யாருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் கணவருக்கு ஒரு நாளைக்கு 750 மில்லிலிட்டர் நீர்தான் அனுமதி. காலையில் ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுவேன். ரசமும் கணக்கு, தேநீரும் கணக்கு, பாயசமும் கணக்கு. நம் வெயிலில் இது எத்தனை கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். தாகம் தாங்காதபோது ஒரு பனிக்கட்டியை வாயில் வைத்துக்கொள்வார். அதுவும் போத்தல் கணக்கில் சேரும்.

நான் சமைக்கும் முறையே மாறிப்போனது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றன. கீரையையும் உருளைக்கிழங்கையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பேன். வாழைப்பழமும் இளநீரும் நல்லவை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அவருக்கு அவை ஆகாது. நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூடக் கூடாது, அது சிறுநீரக நோயாளியின் மூளையைப் பாதிக்கும் நச்சுப் பொருள் கொண்டது. உப்பைக் குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த உப்பை நானே வாங்கி வந்தேன். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அவருக்கு அது ஆபத்து என்று உணவியல் நிபுணர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நல்லது என்று நினைத்துச் செய்வதும் கேட்டுச் செய்ய வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. ஊசி குத்தும் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அறுவைச் சிகிச்சை செய்திருப்பார்கள். அந்தக் கைதான் அவருக்கு உயிர்நாடி. அதில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது, இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது. கோயிலில் கயிறு கட்டும்போதுகூட மறு கையை நீட்டுவார். "ஏன் இந்தக் கை?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் பதில் சொல்லமாட்டார். இப்போது சொல்கிறார்.

கொடுக்காதவர் கொடுத்தது

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

என் கணவரின் தம்பி, தானாகவே, "நான் தருகிறேன் அண்ணி" என்றார். நாங்கள் அழுதுவிட்டோம். முதல் பரிசோதனைக்குத் தேதி வாங்கினோம். அன்று அவர் வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. "கூடப் பிறந்தவரே இப்படியா?" என்று உறவினர்கள் எல்லாரிடமும் நான் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை.

என் மாமியார் இறந்த வீட்டில்தான் மறுபடி பார்த்தோம். என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அண்ணி, எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்லவும் பயமாக இருந்தது." அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நேயர்களே, சட்டம்கூட அவர் பக்கம்தான் இருக்கிறது. உயிருடன் இருப்பவர் உறுப்பு கொடுக்க வேண்டுமானால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். யாரும் வற்புறுத்தவில்லை, பணம் கைமாறவில்லை, கொடுப்பவர் புரிந்துகொண்டு மனமார ஒப்புக்கொள்கிறார் என்று அந்தக் குழு உறுதிசெய்துகொள்ளும். மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. அந்தக் குழு கொடுத்திருக்கும் மரியாதையை நான் என் கொழுந்தனாருக்குக் கொடுக்கவில்லை.

இன்று ஒவ்வொரு புதன்கிழமையும் என் கணவரை நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வருபவர் அவர்தான். சிகிச்சை முடிந்து வரும்போது சிலருக்குத் தலை சுற்றும், கால் இழுத்துப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு தோள் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சந்தைக்குப் போகிறேன், சில நாள் சும்மா தூங்குகிறேன். அவர் கொடுக்காதது ஒன்று. கொடுப்பது வாரம் தவறாத புதன்கிழமை. அதன் மதிப்பு பராமரிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கே தெரியாத என் எண்

கொழுந்தனார் விலகிய பிறகு, 2018ல் நான் கொடுக்க முன்வந்தேன். ரத்தம் பொருந்தியது. மனசு நிறைய நம்பிக்கையோடு பரிசோதனைகளுக்குப் போனேன். முடிவைச் சொல்ல என்னை அழைத்த மருத்துவர், என் கணவரைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றிப் பேசினார்.

எனக்கு நீரிழிவு இருந்தது. என் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது. நான் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதது மட்டுமல்ல, என் சிறுநீரகத்தையே இனிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு வயது 47. அவருடைய மாத்திரைகளைப் பெட்டியில் நாள்வாரியாகப் பிரித்து வைத்தவள் நான். அவருடைய எண்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பிரசவத்துக்குப் பிறகு எனக்காக ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொண்டதில்லை. "கடிதத்தை ஒளித்து வைத்தீர்களே" என்று அவரைக் குறை சொன்னேன். நான் ஒளித்து வைக்க ஒரு கடிதம்கூட இல்லாமல் இருந்தேன். அவ்வளவுதான் வேறுபாடு.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் நோய் உன் நோயைக் காட்டிக்கொடுத்ததே, அது போதும்" என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு மருந்து, நடை, சோற்றின் அளவு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். கடந்த பரிசோதனையிலும் என் சிறுநீரகச் செயல்பாடு இறங்கவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போன காலம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகவே, வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, தன்னை மறந்திருக்கும் அம்மாக்களே, அக்காக்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் எண் என்ன? 2023ல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் 40 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் தங்களுக்கென்று ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்துகொண்டதோடு நின்றுவிடாமல் போய்ப் பாருங்கள்.

நம்மால் ஆவது

பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நோயை மறைப்பவர்கள் உண்டு. என் கணவர் வேலை போய்விடும் என்று பயந்தார். முதலாளியிடம் உண்மையைச் சொன்னபோது, ஓட்டுநர் வேலையிலிருந்து மாற்றிச் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கொடுத்தார், நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். எல்லா முதலாளிகளும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் எதுவும் கிடைக்காது. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு, மெடிசேவ் உண்டு. 1969ல் தொடங்கப்பட்ட தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற அமைப்புகள் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் உதவுகின்றன. மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அது கையேந்துவது ஆகாது.

அடுத்து, உறுப்பு தானம். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இங்கு 1987ல் வந்தது. 2004, 2008, 2009ஆம் ஆண்டுகளில் விரிவுபடுத்தப்பட்டது. இன்று 21 வயதைக் கடந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை, இறந்த பிறகு சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகளைத் தர இசைந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். விலகிக்கொண்டவர்களுக்கு, பின்னர் ஓர் உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை குறைவு. சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மருத்துவமனையில் நிற்கும் குடும்பத்துக்கு இது புதுச் செய்தியாக இருந்தால் இடி விழுந்தது போல் இருக்கும். சாவு பேச்சு எதற்கு என்று தள்ளாமல், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேசிவிடுங்கள். என் கணவரைப் போல் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுதான் வாழ்வு.

கடைசியாக, உங்கள் உறவிலோ பக்கத்து வீட்டிலோ சுத்திகரிப்புக்குப் போகிறவர் இருந்தால், "ஐயோ பாவம்" என்று சொல்லாதீர்கள். பழக்கூடையோடு வராதீர்கள், பாதிப் பழம் அவர்களுக்கு ஆகாது. "எந்தெந்த நாள் போகிறீர்கள்? ஒரு நாள் நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரை அழையுங்கள், சாப்பிட முடியாது என்று நீங்களாக முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள். ஒரு குவளை தண்ணீரை வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அது உபசாரக் குறைவு அல்ல, அவருடைய கணக்கு.

உலகச் சிறுநீரக நாள் 2006 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை அனுசரிக்கப்படுகிறது. அந்த நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பிரிக்காத கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள். நாளைக் காலையில் இருவரும் சேர்ந்தே மருந்தகத்துக்குப் புறப்படுங்கள்.